வழுவழுப்பான தரை

செவ்வாய்க்கிழமை காலை, உயர்நிலை மூன்று.
முப்பத்தாறு பேர், நாற்பது மதிப்பெண்:
இயக்கவியலுக்கு இருபத்திரண்டு, மிச்சம் வெப்பத்துக்கு.
குளிர்சாதனம் இருபத்தொன்றில் உறுமுகிறது.
ஸ்வெட்டர் கைக்குள் விரல்களை இழுத்துக்கொண்டு
பேனாவின் நுனியை மட்டும் வெளியே விட்டு எழுதுகிறாள் தேன்மதி.
வெப்பக் காப்பு. செய்முறையில் தேறிவிட்டாள்.
தாளில் அந்தக் கேள்வியைக் காலியாக விட்டிருந்தாள்.

புக்கிட் பாத்தோக், எங்கள் புளோக்கின் கீழ்த்தளம்.
சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசையில்
தாள்களைப் பரப்பி, பையில் கட்டிய தே ஓவைத்
தூண் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன்.
கேள்வியும் பதிலும் ஆங்கிலத்தில்தான்.
கூட்டும்போது மட்டும்
ஏழும் ஆறும் பதிமூன்று என்று
என் உதடு தமிழில் முணுமுணுக்கும்.

மூன்றாம் கேள்வி:
மின்தூக்கி மாறாத வேகத்தில் கீழே இறங்குகிறது.
உள்ளே நிற்பவர்மேல் நிகர விசை எவ்வளவு?
சுழியம். ஒரு சொல் போதும்.
இருபத்தேழு பேர் கீழ்நோக்கி அம்பு போட்டிருக்கிறார்கள்,
சிலர் அளவுகோல் வைத்து, இரண்டு முறை அழுத்தி.
இறங்குகிறதென்றால் யாரோ இழுக்கத்தானே வேண்டும்?
தினமும் பன்னிரண்டு மாடி இறங்கி வருகிறவர்கள்.

ஐந்தாம் கேள்வி:
விடியற்காலை. இரும்பு இருக்கை, மர இருக்கை,
இரவு முழுக்க ஒரே இடத்தில்.
எதன் வெப்பநிலை குறைவு?
இரண்டும் ஒன்றே என்பது விடைக்குறிப்பு.
"இரும்பு. நான் உட்கார்ந்து பார்த்தேன்"
என்கிறான் ஜியா ஹாவ்.
சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டு
எதிரே இருந்த இரும்புக் கம்பியைத் தொட்டேன்.
பதினான்கு வருடமாகப் பாடம் நடத்துகிறேன்,
என் கை இன்னும் அவன் கட்சி.
சுழியம் போட்டேன், கைக்கும் சேர்த்து.

ஏழாம் கேள்வியில்தான் தே ஓ ஆறிப்போனது.
வழுவழுப்பான தரையில் தள்ளுவண்டி ஒன்று நகர்கிறது.
தள்ளுவதை நிறுத்தினால் என்ன ஆகும்?
இட்ரிஸ் எழுதியிருந்தான்:
"நின்றுவிடும். அம்மாவுக்குச் சாங்கியில்
சரக்குக் கிடங்கில் இரவு வேலை.
நிறுத்தினால் வண்டி நின்றுவிடும்.
அதனால் அவர் நிறுத்துவதில்லை."

சுழியம்.
ஓரத்தில் எழுதினேன்: உராய்வு?
மறுநாள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு
வகுப்பு கலைந்த பிறகும் நின்றான்.
"டீச்சர், இந்த வழுவழுப்பான தரை எங்கே இருக்கிறது?"
கேலி இல்லை. போய்ப் பார்க்கக் கிளம்புகிறவன் கேட்பதுபோல்.
சிங்கப்பூரில் இல்லை என்றேன்.
எங்கேயும் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும்.

அன்றிரவு மின்தூக்கியில் ஏறினேன்.
கிளம்பும் நொடியில் கொஞ்சம் கனத்தேன்.
பிறகு ஒன்பது மாடிக்கு
என் எடைதான் என் எடை.

மறுதேர்வுக்கு ஒரு கேள்வி புதிதாக எழுதினேன்:
கரடான தரை. உராய்வு நாற்பத்தைந்து நியூட்டன்.
ஒரு பெண் தள்ளுவண்டியை மாறாத வேகத்தில்
இரண்டாயிரம் மீட்டர் தள்ளுகிறார்.
வண்டிமேல் நிகர விசை என்ன?
அவர் செய்த வேலை எவ்வளவு?
அந்த ஆற்றல் எங்கே போனது?

வெள்ளிக்கிழமை. வெளியே மழை
கூடைப்பந்துத் திடலைக் குளிரவைத்துக்கொண்டிருந்தது.
இட்ரிஸ் கடைசி ஆளாகத் தாளைக் கொடுத்தான்.

நிகர விசை சுழியம்.
வேலை தொண்ணூறாயிரம்.
எங்கே போனது என்பதற்குக்
கொடுத்த இரண்டு வரி போதாமல்
கோட்டுக்குக் கீழேயும் இறங்கியிருந்தது அவன் எழுத்து:
"சக்கரத்துக்கும் தரைக்கும் போனது.
இரண்டும் கொஞ்சம் சூடாகியிருக்கும்.
தரை பெரியது, அதனால் யாருக்கும் தெரியாது.
விடியும்போது அம்மாவின் உள்ளங்கையும் சூடாக இருக்கும்,
அது இந்தக் கணக்கில் சேருமா என்று தெரியவில்லை."

இரண்டு முறை படித்தேன்.
பக்கத்து மேசையில் யாரோ
சதுரங்கக் காயை ஓங்கி வைத்தார்கள்.

தொண்ணூறாயிரத்துக்குப் பிறகு
ஜூல் என்று எழுதவில்லை.
மூன்றில் இரண்டு.